பென்சில் பிரிண்ட்

ஆரம்பாக்கம் செக்போஸ்ட்டில்
ஆர்டிஓ ஏஜென்ட் சித்தய்யா என்றால் நான்தான்.
சேசிஸ் மேல் டேப் ஒட்டி
பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால்
எண் தானே எழுந்து வரும்.
ராவிவிட்டு மறுபடி குத்திய எண்ணை
விரலே காட்டிக் கொடுத்துவிடும்.
வண்டி திருடியவன் முகத்தைவிட
அவன் அடித்த ஏழு எனக்குப் பழக்கம்.

அதனால்தான் கூப்பிட்டார்கள்.

இருக்கம் தீவுக்கு வடக்கே
இடுப்பளவுத் தண்ணீரில்
நண்டு வலையைக் கிழித்துக்கொண்டு கிடந்தது எஞ்சின்.
பதினான்கு சிலிண்டர்,
ஒவ்வொன்றிலும் சிப்பி குடும்பத்தோடு.
பெரம்பூர் ரொசாரியோ
பழைய பதிவேட்டு நகல்களைப்
பாலிதீன் பையில் கட்டித்
தலைமேல் வைத்து நடந்து வந்தார்.

"வார்ப்பில் புடைத்திருப்பது பாகத்தின் எண், தம்பி.
ஆயிரம் எஞ்சினிலும் அது ஒன்றுதான்.
குத்தி இறக்கியது எதுவோ, அதை எடு."
எனக்கா சொல்கிறார்.

சுரண்டினேன். தேய்த்தேன்.
ஆறு இலக்கம், பிசகில்லாமல்.

பத்து நாள் கழித்துப் போன் வந்தது.
அந்த எண்ணுக்குரிய விமானம்
பத்திரமாய்த் தரையிறங்கிவிட்டதாம்.
ஓட்டியவன் எண்பது வயதில்
கட்டிலில் செத்தானாம்.
சிரித்துவிட்டேன்.
எஞ்சின் மாற்றின வண்டி, சார்.
புக்கில் ஏற்றாமல் விட்டிருப்பான்.
குண்டு விழும்போது எந்தக் கிளார்க்குக்கு நேரம்?

மறுபடி போனோம்.
சேற்றைத் துழாவித் துப்பாக்கி ஒன்று எடுத்தோம்,
பாதி இரும்பு, பாதி உப்பு.
ஐந்து இலக்கத்தில் நாலு கிடைத்தது.
கடைசியில் ஒரு வளைவு.
மூன்று. அல்லது எட்டு.

மூன்றானால்
அவனுக்கு எங்கோ ஏற்கெனவே கல் நட்டாயிற்று.
அதன் அடியில் படுத்திருப்பது யார் என்று
இனிமேல் கேட்க வேண்டிவரும்.
எட்டானால்
திரும்பாதவர் பட்டியலில் வெறும் பெயராய் நிற்பவன்,
வயது இருபது,
கல்லும் இல்லை.

பென்சிலை மாற்றினேன்.
வெயிலுக்கு எதிரே சாய்த்துப் பார்த்தேன்.
கண்ணை மூடி விரலால் படித்தேன்.
காலையில் எட்டு.
மத்தியானம் மூன்று.
ரொசாரியோ எதுவும் கேட்கவில்லை,
அதுதான் தாங்க முடியவில்லை.

என் தொழிலில்
'படிக்க இயலவில்லை' என்று எழுதினால்
வண்டி ரோட்டில் ஓடாது.
எழுதினேன்.

கரையில் மங்காத்தா
வலையை மடியில் போட்டு
அறுந்த கண்ணிகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.
"மூணோ எட்டோ,
இதுக்கு யாரு துட்டு குடுப்பா?"
ரொசாரியோ ஈரப் பர்ஸைத் திறந்து
எவ்வளவு என்றார்.
"இருய்யா,
இன்னும் எண்ணி முடிக்கல."