முதுகுக்குப் பதினான்கு மில்லிமீட்டர்

வியாழன் இரவு. சோஹார் கேம்ப்.
எட்டாம் எண் அறை.
திருட்டு மென்பொருள் திறந்து முடிப்பதற்குள்
ஒரு சுலைமானி குடித்துவிடலாம்.

டிவிடி உறைக்கு அளவு சொன்னான் இத்ரீஸ்:
அகலம் இருநூற்று எழுபத்து மூன்று,
உயரம் நூற்று எண்பத்து மூன்று,
நடுவே முதுகுக்குப் பதினான்கு.
அலுமினிய ஜன்னல் வெட்டுகிறவன்,
அவனுக்குப் பேச்சே மில்லிமீட்டரில்தான்.

உள்ளே போகப்போவது
கேம்புகளுக்கு இடையே நடந்த கைப்பந்துப் போட்டி.
எங்களுக்கு மூன்றாம் இடம்.
நாலாவது அணிக்கு அன்று பஸ் கிடைக்கவில்லை.
அதை உறையில் போடவேண்டியதில்லை
என்று ஏகமனதாகத் தீர்மானம்.

பின்னணிக்கு வானம் கேட்டார்கள்.
எங்கள் வானம் மே மாதத்தில்
இரண்டு நாள் போட்ட சட்டையின் காலர் நிறம்.
நீலத்தைக் கொஞ்சம் ஏற்றினேன்.
"இன்னும்" என்றான் தங்கமாரி.
ஏற்றினேன்.
"இன்னும்ணே."
இப்போது அது ஸ்விட்சர்லாந்து.

வலைக்குப் பின்னால் நின்ற கழிவுநீர் லாரியை
பக்கத்து மணலை அள்ளிப் போட்டு மூடினேன்.
"என் வண்டி உங்கள என்ன பண்ணுச்சு?"
கட்டில் மேல்தட்டிலிருந்து வேம்புராஜ்.
கண்ட்ரோல் இசட்.
லாரி திரும்பி வந்து
அதே இடத்தில் நின்றுகொண்டது.

ஒன்பது பேர், கோப்பையோடு.
பத்தாவது ஆள் சூசைமரியான்
எந்தப் படத்திலும் இல்லை.
நூற்று நாற்பதையும் பார்த்தாயிற்று.
கேமரா அவனுடையது.
ஒன்றே ஒன்றில், கீழ் ஓரத்தில்,
மணலில் எட்டிப் பார்க்கிறது அவன் தலை நிழல்,
முழங்கைகள் இரண்டும் மடங்கி,
காது வைத்த அண்டா மாதிரி.

அவன் நைட் ஷிஃப்டில் இருந்தான்.
லேபர் கார்டுக்கு எடுத்த படம் பெட்டியில் இருந்தது.
வெள்ளைப் பின்னணி, வெள்ளைச் சட்டை.
மந்திரக்கோலால் ஒருமுறைதான் தொட்டேன்,
சுவரோடு சட்டையும் போய்விட்டது.
கழுத்து வரைக்கும் சூசை,
எதையோ கேட்க வாய் எடுத்து
வேண்டாம் என்று விட்டவன்போல.

பழனியாண்டியின் ஜெர்சியை நகலெடுத்து மாட்டினேன்.
ஐந்தாம் எண் இப்போது இரண்டு பேர்.
வெயில் எல்லோருக்கும் இடப்பக்கம்,
இவனுக்கு மட்டும் ஸ்டூடியோ விளக்கு.
ஒரு கன்னத்தைக் கருக்கினேன்.
ஓரத்தை இரண்டு பிக்சல் மழுக்கினேன்.
கோப்பையைத் தொடுகிற கை
யாருடையது என்று
இப்போது எனக்கே மறந்துவிட்டது.

ஆபீஸ் கணினியில் எங்கள் எழுத்துரு கிடையாது.
கொம்பு ஒருபக்கம், கால் ஒருபக்கம்,
'வெற்றி' என்பது விபத்து நடந்த இடம்போல் கிடந்தது.
எழுத்தையும் படமாக்கி எடுத்துப் போனேன்.

சனிக்கிழமை, இன்ஜினியர் வருமுன்,
பத்துப் பிரதி.
ஏழாவதில் நீல மை தீர்ந்தது.
கடைசி மூன்றில் ஸ்விட்சர்லாந்து
இளஞ்சிவப்பாக விடிந்தது.

ஷிஃப்ட் முடிந்து வந்தவன்
அதில் ஒன்றைத்தான் எடுத்தான்.
ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.
"இது நானா?"
"நீதான்."
"கோப்பைய நான் தொடவே இல்லயேடே."
யாரும் பேசவில்லை.
சிமெண்ட் படிந்த விரல்
ஒவ்வொரு முகமாகத் தாண்டி
கீழே வந்து நின்றது.
அழிக்க மறந்திருந்தேன்.
"நான் இங்க நிக்கேன்.
அப்ப இது யாரு?"

இத்ரீஸ் ஸ்கேலை வைத்துப் பார்த்தான்.
நிழல், வெட்டுக்கோட்டுக்கு வெளியே.
எப்படியும் போய்விடும், கவலை இல்லை
என்று பிளேடை எடுத்தான்.

"அத வெட்டாத."

ஒன்பது உறைகள் பெட்டிக்குள் கச்சிதம்.
சூசையின் பெட்டி மட்டும் சரியாக மூடாது.
அடியில் ஆறு மில்லிமீட்டர்
உள்ளே மடிந்திருக்கிறது.