ஒரு வாத்தின் பங்கு

சேதம் அளப்பவள் நான்.
அலுமினியத் தண்டில் கோத்த வட்டத் தட்டைப்
புல்லின்மேல் இறக்கி
எத்தனை சென்டிமீட்டர் மிச்சம் என்று எழுதுவேன்.
ஒரு சதுர மீட்டர்ச் சட்டத்துக்குள்
எச்சங்களை எண்ணுவேன்.
முப்பத்தொன்று. இருபத்தெட்டு. நாற்பது.
இதற்குச் சம்பளம் உண்டு,
கையுறையும் தருகிறார்கள்.

பிப்ரவரி. பிரீஸ்லாந்து.
வடக்கே அணைக்கரை, அதற்கப்பால் சேற்றுக் கடல்.
தடுக்க ஒரு மரம்கூட இல்லாததால்
காற்று நேராக என் காதுக்குள் வந்து நிற்கிறது.

கேட்டருகே காத்திருந்த சீப்ரன்
வணக்கம் சொல்லவில்லை.
"மூவாயிரம்" என்றார்.
"என் மாடுகளின் முதல் அறுப்பு
அந்த வயிறுகளுக்குள் இருக்கிறது."

மூவாயிரமும்
தலை கவிழ்ந்து ஒரே பக்கமாக நகர்ந்தன,
யாரோ ஒரு சாம்பல் கம்பளத்தை
மெல்ல இழுத்துக்கொண்டு போவதுபோல.
நெற்றியில் வெள்ளை, வயிற்றில் கறுப்புப் பட்டை,
ஆரஞ்சுக் கால்கள்.
ஓர் ஊரே உட்கார்ந்து
காகிதம் கிழிப்பதுபோல் புல் பிய்க்கும் ஓசை.

பத்துப் பத்தாக எண்ணிக்கொண்டு வந்தேன்.
நூற்று எழுபதில் கண் இடறியது.
மற்றவை இரண்டு கொத்து கொத்தும் நேரத்தில்
ஒன்று மட்டும் மூன்று கொத்தியது.
முதலில் அவ்வளவுதான்:
ஓர் அவசரம்.

பிறகு உடல், கொஞ்சம் சிறிது.
அலகு, சீவிச் சீவிக் கடைசியில்
தூக்கி எறிய மனம் வராத பென்சில் துண்டு.
வெள்ளை, நெற்றியோடு நிற்காமல்
உச்சந்தலைக்கு ஏறியிருந்தது.

அது திரும்பக் காத்திருந்தேன்.
மூக்கு ஒழுகியது, துடைக்கவில்லை.
கண்ணை எடுத்தால் போயிற்று.
மூவாயிரத்தில் ஒன்றை
இரண்டாம் முறை யார் காட்டித் தருவார்கள்?

திரும்பியது.
கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம்.
நூல் கனம்தான்.
அந்த நூலைப் பிடித்துக்கொண்டு
நான் எவ்வளவு நேரம் நின்றேனோ
தெரியவில்லை.

"பார்த்துவிட்டாய்" என்றார் சீப்ரன்,
எனக்குப் பின்னால்.
"இடது சிறகில் ஓர் இறகு தூக்கி நிற்கும், கவனி.
மூன்றாவது குளிர்காலம்.
இந்த முறை நவம்பர் ஒன்பது, பால் லாரி பழுதான அன்று."

"யாரிடமும் சொல்லவில்லையா?"

"சொன்னால் கரை நெடுகக் கார் நிற்கும்.
கேட்டைத் திறந்துபோட்டுவிட்டுப் போவார்கள்.
நான் மாட்டைத் தேடி அலையணும்."
சற்றுப் பொறுத்து,
யாரோ கேட்டதுபோல,
"எனக்கு வாத்து பிடிக்காது."

சமையலறை மேசையில் படிவத்தை விரித்தேன்.
ஹெக்டேர், உலர்புல் கிலோ, யூரோ.
அவர் மனைவி வைத்த காபியில்
ஆடை படியத் தொடங்கியிருந்தது.
கையெழுத்திட எடுத்த பேனா
பாதியில் நின்றது.

"ஒன்று ஒரு நாளைக்கு எவ்வளவு தின்னும்?"

"எந்த ஒன்று?"

அவர் பதில் சொல்லவில்லை.

"சிறியதுதானே. நூற்றைம்பது கிராம் இருக்கலாம்."

நாட்காட்டியின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார்,
நாக்கை உதட்டோரம் வைத்துக்கொண்டு.
நூறு நாள். பதினைந்து கிலோ. மூன்று யூரோ.
"அதைக் கழித்துவிடு."

"படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை."

"அது என் விருந்தாளி" என்று சொல்லியிருந்தால்
சிரித்திருப்பேன்.
அவர் சொன்னது:
"அது தின்றது சேதம் இல்லை. எழுது."

எழுதினேன், கட்டத்துக்கு வெளியே,
பென்சிலால்.
மேலிடத்தில் கேட்டால் கூட்டல் பிழை என்பேன்.

வெளியே வந்தபோது வயல் காலியாக இருந்தது.
ஈரத்தில் மிதிபட்ட புல்,
இன்னும் ஆவி பறக்கும் எச்சம்.
இரண்டு கிலோமீட்டர் தள்ளி
அடுத்த பண்ணைமேல் இறங்கிக்கொண்டிருந்தன எல்லாம்,
மஞ்சள் வளையமும் உள்ளே எங்கோ.

அடுத்த பெயர் என் பட்டியலில் அதுதான்:
திருமதி ஹில்க்யே, நாற்பது ஹெக்டேர்.
அவள் எண்ணுவதே இல்லை,
மொத்தமாகத் திட்டுவாள்.
அங்கே மூவாயிரத்துக்கும்
முழு விலை.