பால் கணக்கு நோட்டு

ஈரோட்டு டாக்டரம்மா கேட்டது ரெண்டு வாரம்.
"பாக்கறத அப்படியே எழுதிட்டு வாங்க.
பேர் வெக்கறது பொறவு.
நாலு வயசுல ஓடறதெல்லாம் சீக்கு ஆயிராது."

பால் கணக்கு நோட்டின்
பின்பக்கத்திலிருந்து தொடங்கினேன்.

திங்கள். ஒரு இட்லியை
ஐந்து இடத்தில் தின்றான். கடைசி வாய்
மோட்டார் ரூம் மேல்.

செவ்வாய். செருப்புப் போடச் சொன்னேன்.
ஒரு கால் போட்டான்.
மறு காலுக்குள் ஓணான்.
ஓணானுக்குப் பின்னால் ஒற்றைச் செருப்போடு
ரிக் வண்டிப் பட்டறை வரை.
வேலூர் ரோட்டில் லாரிக்காரர் அடித்த பிரேக்
இன்னும் என் காதில்

புதன்.

வியாழன். எல்.கே.ஜி. மிஸ் கூப்பிட்டார்.
"தர்ஷித் நல்ல பையனுங்க. ஆனா
மத்த இருபத்தாறு பேரும் உக்கார்ற அந்த அஞ்சு நிமிசம்..."
அவர் முடிக்கவில்லை.

ஒறம்பரைக்குப் போன இடத்தில்
"முதுகுல ஒண்ணு வெச்சாச் சரியாப் போயிரும்" என்றார்கள்.
எழுதி, அடித்து,
திரும்ப எழுதினேன்.

கைக்குழந்தையில் எப்படி என்று ஒரு கேள்வி.
தூளிக்கயிறு தேய்ந்து ரெண்டு தடவை மாற்றினோம்.
பால் குடிக்கும்போதே
காத்தாடியை, கதவை, கொசுவை
சேர்த்துக் குடித்தான்.
அது அறிகுறியா, அவனேதானா?

போர் போடப் போன அவன் அப்பா
ராய்ச்சூரிலிருந்து வீடியோவில் வருகிறார்.
இந்தப் பக்கம் ஒரு காது,
ஒரு முழங்கை,
பிறகு சுவர்.
"செவுத்தோடதான் பேசறேன் சாமி" என்று சிரிக்கிறார்.

சனிக்கிழமை
எறும்புகள் ஒரு அரிசியை இழுத்துப் போனதை
முக்கால் மணி நேரம் குந்திப் பார்த்தான்.
அசையவில்லை. கூப்பிட்டது காதில் விழவில்லை.
இதை எந்தப் பக்கம் எழுத?

டாக்டரம்மா நோட்டைப் புரட்டினார்.
பாதியில் நின்ற வரிகள்.
முன்பக்கம் பால் கணக்கில்
மார்ச் இருந்தது, ஏப்ரல் இல்லை,
மே ரெண்டு முறை.
நான் அந்நேரம்
அடுப்பை அணைத்தேனா என்று
திருச்செங்கோட்டுக்குத் திரும்பிப் போயிருந்தேன்.

ரெண்டாம் தடவை கேட்டார்போல:
"கோகிலவாணி, நீங்க பள்ளிக்கூடத்துல
எப்படிங்க இருந்தீங்க?"

சன்னலோரம் அவன்
திரைக்கயிற்றை மேலே, கீழே, மேலே.

மூன்றாம் பெஞ்சு.
காம்பஸ் முனையால் நான் தோண்டிய குழி.
அதில் ஊற்றி நிரப்பிய மை.
எந்தப் பாடம் நடந்ததென்று
ஒரு நாளும் தெரியாமல்
ஏழாம் வகுப்பு முழுக்க நான்

என்று சொல்லும்போதே
எழுந்து
கயிற்றைப் பிடிக்கப் போனேன்.