ரஸ்டன்பர்க், மாதிரி எண் 41

புது உலைக்குப் பணம் ஒதுக்கவில்லை,
கான்டீன் மைக்ரோவேவைத்தான் தூக்கி வந்தோம்.
கண்ணாடித் தட்டில் இன்னும் மஞ்சள் கறை,
வெள்ளிக்கிழமை யாரோ சுடவைத்த பீன்ஸ் கறி.
அதன்மேல் வைத்தேன்
எண்ணூறு மீட்டர் ஆழத்திலிருந்து ஏறிவந்த கல்லை.

கறுப்பு. உள்ளங்கையளவு.
பிளாட்டினம் கண்ணுக்குத் தெரியாது.
பித்தளை நிறத்தில் சல்ஃபைடு மணிகள் மட்டும்
வெல்ல உருண்டையில் பொட்டுக்கடலை போல.
இருநூறு கோடி வருடம்
ஒட்டி உட்கார்ந்திருந்தவை.

நாற்பது நொடி என்று அழுத்தினேன்.

நெருப்பென்றால் வெளியிலிருந்து வரும்,
தோல், சதை, எலும்பு என்று முறையாக.
இது அப்படியில்லை.
நொடிக்கு இருநூற்று நாற்பத்தைந்து கோடி முறை
திசை மாற்றித் திசை மாற்றிக் கூப்பிடுகிறது.
யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று
கறுப்புக் கல் சும்மா இருக்கிறது.
ஒட்டியிருக்கும் மணிக்கு மட்டும்
கேட்டுவிடுகிறது.
அது சூடேறிப் பருத்து
இடமில்லாத இடத்தில் இடம் கேட்கிறது.

சத்தம், ஒரே ஒரு தடவை,
பக்கத்து வீட்டில் அப்பளம் உடைந்தது போல.

வெளியே எடுத்தால் அதே கல்.
கீறல்கூட இல்லை.
கட்டைவிரலால் அழுத்தினேன்,
பொலபொலவென்று
மணி தனி, மண் தனி.

அடிமேல் அடிவைத்தால்தான் அம்மி நகருமாம்.
குன்றுக்கு அந்தப் பக்கம் மில்லில் அப்படித்தான்:
எஃகுக் குண்டுகள் இரவெல்லாம் உருண்டு
கல்லை அடித்தே மாவாக்குகின்றன,
எங்கள் தெருவில் கரண்ட் இல்லாத நேரத்திலும்.
இங்கே ஓர் அடிகூட விழவில்லை.
'அரைக்கும் நேரம் மூன்றில் ஒரு பங்கு குறையலாம்'
என்று எழுதினேன்.
அந்த 'லாம்'மில்தான் என் நேர்மை முழுவதும்.

பதினொன்றரைக்கு டிகெலெடி வந்தாள்.
"மிஸ் மூட்லி, நாற்பது பேருடைய பாப்பை
நான் எதில் சுடவைக்க?"
தட்டைப் பார்த்தாள்.
உப்பு சரிபார்ப்பவள் போல ஒரு சிட்டிகை எடுத்துத் தேய்த்தாள்.
"இவ்வளவு லேசாகவா?"
ஆமாம் என்றேன். பெருமை தாங்காமல்
மூன்றில் ஒரு பங்கையும் சொன்னேன்.

"அப்படியானால் மில்லில் ஆட்கள்?"

அவளுடைய தபாங் இரண்டாம் மில்லில், இரவு ஷிப்ட்.
எனக்குத் தெரியும். போன வருடம்
அவர்கள் மகன் பிறந்தநாளுக்குக் கேக் தின்றிருக்கிறேன்.

"வெறும் ஆராய்ச்சிதான், அம்மா.
இன்னும் பத்து வருடம் ஆகும்."

தலையாட்டினாள்.
வெளியே அதே முகம்.
அறிக்கைப் படிவத்தில் மின்சாரத்துக்கு ஒரு கட்டம்,
நீருக்கு ஒன்று, தூசுக்கு ஒன்று.
நான் மறுபடி ஒருமுறை எண்ணிப் பார்த்தேன்.

மைக்ரோவேவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நடந்தாள்.
வயர் பின்னால் இழுபட,
பிளக் ஒவ்வொரு டைல்ஸிலும் தட்டிக்கொண்டே போனது.
கண்ணாடித் தட்டை விட்டுவிட்டாள்.

கூப்பிட்டேன்.
கேட்டிருக்கும்.