இரண்டு நிமிடம், பதினோரு நொடி

நான்காவது பாட்டில்
இரண்டு நிமிடம் பதினோராவது நொடியில்
ஒரு கதவு படாரென்று சாத்திக்கொள்ளும்.
அது நான்.

ஒரு யுகம் முடிகிற ஓசை என்று
லண்டன் பத்திரிகை ஒன்றில் எழுதியிருந்தார்கள்.
லீட்ஸில், மூடிப்போன கம்பளி ஆலையின் மாடி அது.
இனி டிரம்ஸுக்கு மெஷின் போதும் என்று
டெரன்ஸ், என் முகத்தைப் பார்க்காமல்,
கிட்டார் கம்பியை முறுக்கிக்கொண்டே சொன்னான்.
எழுந்தேன். குச்சிகளைக்கூட எடுக்கவில்லை.

இதை யாரிடமும் சொன்னதில்லை:
சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.
டேப் ஓடுகிறதே என்று
மெதுவாகத்தான் சாத்தினேன்,
கைப்பிடியைத் திருகிப் பிடித்தபடி,
இப்போதுதான் தூங்கிய பிள்ளையின்
அறைக்கதவைச் சாத்துவதுபோல.
மாடிப்படி ஜன்னலில் கண்ணாடி இல்லை.
காற்று பிடுங்கிக்கொண்டது.

ஞாயிறு சாயங்காலம். கிரிம்ஸ்பி. மீன் கிடங்கு.
மைனஸ் இருபத்தைந்தில்
காட் மீன் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.
ரேடியோவில் பத்து, ஒன்பது, எட்டு என்று
இறங்கி வருகிறார்கள்.
மோரீன் கையுறையைப் பல்லால் கழற்றி
சத்தத்தைக் கூட்டுகிறாள்.

முதலிடம்.
அந்தப் பாட்டையே போடுகிறார்கள்.

"இந்த இடத்தில் எனக்குத்
தூக்கிவாரிப்போடும், ஒவ்வொரு தடவையும்."
ம், என்கிறேன்.
விரல் தானாகப் பெட்டிமேல் தட்டுகிறது,
மெஷினைவிட ஒரு மயிரிழை பிந்தி.
அங்கேதான் விழ வேண்டும் அந்த அடி.

நூற்றுப் பதினான்கா, பதினைந்தா?
விட்டுப்போயிற்று.
மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும்.