இடது காது

ஹெட்போனில் வலது பக்கம் செத்து
இன்றோடு ஆறு வாரம்.
ஒயரை முறுக்கித் தாடையில் அழுத்தினால்
ஒரு நொடி இருமும்,
அப்புறம் அதுவும் இல்லை.
புதிது வாங்க எடுத்துவைத்த காசு
பீன்ஸ் ரொட்டியாக மாறி
வயிற்றுக்குள் போயிற்று.
எங்கள் ஊர்ப் பணத்துக்கு லாரி என்று பெயர்.
நிற்காது.

திபிலிசியின் மஞ்சள் மினிபஸ்கள் திரும்பும் முனையில்
ஷால்வாவின் ஜெராக்ஸ் கடை.
எண்பது பக்கத்துக்கு மேல் நகலெடுத்தால்
பென் டிரைவில் ஒரு கட்டுப் பாட்டு இலவசம்.
பெயர் இருக்காது. எண் மட்டும்.
கல்லீரல் நச்சுகளோடு ஒன்பது வந்தது:
யாரோ சமையலறையில் வாசித்த அக்கார்டியன்,
பின்னால் தட்டு கழுவும் சத்தம்.
இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்துகளோடு
பதினொன்று. அது கூட்டியது.
பதினான்கில்தான் விழுந்தேன்.

குதைசியில் ஒரு பட்டு ஆலை,
ஷிஃப்ட் முடிந்த தொழிலாளர்கள்,
எழுபத்து நான்காம் வருடம் என்றான் ஷால்வா.
எனக்குக் கேட்டது டிரம். தடித்த ஒரு கிதார்.
யாரோ தொண்டையைச் செருமுவது.
இவ்வளவு இடத்தைக் காலியாக விட்டு
வாசிக்க எவ்வளவு தைரியம் வேண்டும்!
அந்தக் காலியில் நானே ஒரு மெட்டைக்
குடிவைத்தேன். வாடகை கேட்கவில்லை.

விடுதியில் ஒன்பதாம் மாடி.
லிஃப்ட் காசு போட்டால்தான் ஏறும்.
காசில்லாத நாளில் படி,
தளத்துக்கு ஒரு சரணம்.
ஆறாம் தளத்தில் ஒரு பூனை,
பெயர் டீன்,
யாருக்கும் வழிவிடாது.
அறைக்குள் சியாலா
முடிக்குச் சாயம் பூச ஆள் தேடிக்கொண்டிருப்பாள்.
மேஜையில் மருந்தியல்,
முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
செம்புநிறக் கட்டைவிரல் ரேகை. என்னுடையது.
புத்தகம் அங்கேயே நின்றது,
நானும்.
பரீட்சைக்கு நான்கு நாள்.
வைஃபை ஜன்னலோரம் மட்டும் கிடைத்தது,
ஜன்னலோரம் போனால் மழை கிடைத்தது,
மழையைப் பார்த்தால் பதினான்கு.

"அவள் குரல் எப்படி?" என்றான் ஷால்வா ஒருநாள்,
தாள்களைத் தட்டி அடுக்கியபடி.
மருந்தியல் பேராசிரியையைச் சொல்கிறான் என்று நினைத்து
"தூக்கம் வரும்" என்றேன்.
முகம் சுண்டிப்போய்
பக்கத்துக்கு இரட்டை விலை போட்டான்.
பென் டிரைவைத் தொடவே இல்லை.

ருஸ்தவேலி மெட்ரோவின் நகரும் படி
அவ்வளவு நீளம். இறங்கி முடிப்பதற்குள்
ஒரு காதல் முறிந்ததைப் பார்த்திருக்கிறேன்.
அதில் நின்றபடி சியாலா
தன் ஹெட்போனை என் தலையில் மாட்டினாள்.
புதுசு. இரண்டு பக்கமும் உயிரோடு.
பதினான்கு.

வலது காதுக்குள் ஒரு பெண் இருந்தாள்.

முதல் நொடியிலிருந்தே இருந்திருக்கிறாள்.
அந்தச் செருமல் அவளுக்கான சைகை.
தறிச் சத்தத்துக்கு மேலே
பேசிப் பேசிப் பழகிய குரல்.
நான் காலி என்று நினைத்ததெல்லாம்
அவள் வீடு.
என் மெட்டு வாசலில் நின்றது,
செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு.

"ஏன் அழுகிறாய்?" என்றாள் சியாலா.
அழவில்லை. வெட்கம்.
கொஞ்சம் பொறாமை.
"ஷால்வாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்" என்றேன்.
"எதற்கு?"
ரயில் வந்துவிட்டது.

பரீட்சையில் ஐம்பத்து மூன்று.
ஐம்பத்தொன்று போதும்.
தவறவிட்ட பெரிய கேள்விக்கு விடை
கட்டைவிரல் ரேகைக்கு அடியில் இருந்தது.

அவளைக் கேட்க வேண்டுமானால்
சியாலா தூங்கும்வரை காத்திருக்கிறேன்.
படியேறும்போது இன்னும் பழையதுதான்:
டிரம், கிதார், இடது காது.
டீனைத் தாண்டும் இடத்தில் அவள் தொடங்குவாள்.
அங்கே வந்ததும்
வாயை மூடிக்கொள்கிறேன்.
கேட்காவிட்டாலும், அவள் பாடுகிறாளே.

இரண்டு வரி பொறுக்கிறேன்.
மூன்றாவதில்
என்னை அறியாமல் முணுமுணுக்கிறேன்.