பி

கொரோமண்டல் என்று பெயர்.
சோழனும் இல்லை, மண்டலமும் இல்லை,
கடல்கூட ஒரு மேட்டுக்கு அப்பால்தான்.
இருப்பது ஒரு தகரக் கூரைக் கிடங்கு.
ஆணி, குழாய், பெயிண்ட், பூட்டு என்று
பதினோராயிரத்துச் சொச்சம் சாமான்.
அத்தனையையும் இருபத்தாறு வருடமாய்
மறக்காமல் வைத்திருக்கும்
பச்சை எழுத்துத் திரை ஒன்று.

அதை நிறுத்த
நாள் குறிப்பது என் வேலை.

ஜூன் முப்பது என்றார் கணக்கர் லீ வின்.
ஆண்டு முடிகிறது, ஐந்தொகை சுத்தமாய் நிற்கும்.
ஆண்டு முடிவில் என் ஆள்களைத் தொட்டால்
நான் முடிந்துபோவேன் என்றார் கிடங்கு இம்தியாஸ்.
காவடிக்கு மூன்று நாள் விடுமுறை சேர்கிறதே என்றான்
பாரிசிலிருந்து வந்து எபேனில் இறங்கிய கியோம்.
பாவம், அது புயல் மாதம்.
மூன்றாம் எச்சரிக்கை வந்தால் தீவே கதவடைக்கும்.
போதாததற்கு அன்று என் நாக்கில் வேல் இருக்கும்,
எவன் போன் செய்தாலும் பதில் வராது.

பெருநாள் பிறையைப் பார்த்துத்தான்.
சீனப் புத்தாண்டுக்கு முன்வாரம் சிவப்புப் பெயிண்ட் தங்காது.
தீபாவளிக்கு எல்லா நிறமும் தங்காது.
தெய்வங்களை எல்லாம் கூட்டிக் கழித்தபின்
மிஞ்சியது,
பிள்ளையாரைக் கடலில் விட்டதற்கும்
புரட்டாசி பிறப்பதற்கும் நடுவே
யாரும் உரிமை கொண்டாடாத ஒரு ஞாயிறு.

வெள்ளி மாலை ஐந்து: பில் நிறுத்தம்.
சனி முழுக்க எண்ணிக்கை.
ஞாயிறு விடிகாலை மூன்று: இனித் திரும்ப முடியாது.
பொறுப்பு என்ற இடத்தில் என் பெயர்.

மூன்று மணிக்கு உடைந்தால், என்றான் கியோம்.
பழையதற்கே போவோம்.
மூன்றே காலுக்கு உடைந்தால்?
அந்தக் கட்டம் அன்று காலியாய் இருந்தது.

வெள்ளோட்டம் விட்டபோது
பித்தளைப் பூட்டு, கையிருப்பு: கழித்தல் மூன்று.
ஒன்றுமே இல்லாததைவிட மூன்று குறைவு.
புதியது இதை விழுங்க மறுத்தது.
வரும் என்று நம்பி விற்றோம்,
அது வரவில்லை என்று தோளைக் குலுக்கினார் இம்தியாஸ்.
மறுநாள் ரோஸ் ஹில்லில்
போட்டிக் கடைக்குப் போய்
முழு விலை கொடுத்து மூன்று வாங்கி வந்தார்.
கையிருப்பு: சுழியம்.
சாவிகள் இன்னும் அவர் சட்டைப்பையில்.

எண்களை இப்படிச் சரிக்கட்டலாம்.
வாடிக்கையாளர் பெயருக்குப் பக்கத்தில்
'குறிப்பு' என்றொரு கட்டம்,
நாற்பது எழுத்து நீளம்.
பத்தொன்பது வருடமாய் கல்லாவில் இருக்கும் எலோதி
கிரியோலில், பாதி எழுத்தை விழுங்கி,
அதில் எழுதிவைத்திருந்தாள்:

பாக்கி உண்டு. கேட்காதே. மகன் உள்ளே.
செக் வேண்டாம். சிரித்தால் கண்டிப்பாய் வேண்டாம்.
இருவருக்கும் ஒரே பெயர். நல்லவருக்குக் காது கேட்காது.
இறந்துவிட்டார். மனைவி வருவாள், அதே தள்ளுபடி.

நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு வரி.

புதியதில் அந்தக் கட்டம் இல்லை.
நம்பகத் தரம் உண்டு: ஏ, பி, சி.
மூன்றாய்ப் பிரித்தால் போதும் என்றான் கியோம்,
ஒரு மதியத்தில் முடியும் என்றான்.
முடிந்தது.
மழைக்கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்து
எலோதி முடித்தாள்,
நாலரை பஸ்ஸைப் பிடிக்கவும் செய்தாள்.

அவள் போனபின் திறந்து பார்த்தேன்.
மேலிருந்து கீழ்வரை பி.
காது கேட்காதவர் பி, சிரிப்பவரும் பி,
விதவை பி,
எங்கள் முதலாளியின் மைத்துனர்கூட பி.

கியோம் தலையில் கை வைத்தான்.
காலையில் கேட்டோம்.
அவள் ரசீதுச் சுருளை மாற்றிக்கொண்டே சொன்னாள்:
ஏ என்றால் கேட்காமல் கொடுத்துவிடும்.
சி என்றால் கெஞ்சினாலும் கொடுக்காது.
பி என்றால், உங்கள் கையேட்டில் பன்னிரண்டாம் பக்கம்,
காசாளரை அழைக்கவும் என்று இருக்கிறது.

கையேட்டை அதுவரை
நானும் படித்ததில்லை, கியோமும் படித்ததில்லை.

நாற்பது எழுத்துக் குறிப்புகளைத்
தாளில் அச்செடுத்துக் கட்டி
கல்லாவின் கீழ்த் தட்டில் வைத்திருக்கிறோம்.
திட்டத்தில் அதற்கு வரிசை எண் கிடையாது.

மூன்றே காலுக்கு நேரே மட்டும்
பென்சிலால் ஒரு தொலைபேசி எண் எழுதியிருக்கிறேன்.
எடுப்பாளா என்று கேட்டான் கியோம்.
திட்டுவாள், என்றேன்,
ஆனால் எடுப்பாள்.